கீழ்வீட்டுக் கிளுவை, மாடிவீட்டு நீலச்சிறகி

ஒரு வாத்தின் பெயருக்காக இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதுவும் வீட்டில் வளர்க்கிற வாத்து இல்லை. எந்தத் தேசத்திலிருந்தோ மலை தாண்டி வந்து, குளிர்காலம் முழுக்க நம் ஏரியில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும் காட்டு வாத்து. அதற்கு எங்கள் பெயர் ஒன்றும் தெரியாது. அதன் பெயரைச் சொல்லி நாங்கள்தான் அடித்துக்கொண்டோம்.

தொண்ணூறுகளில் நாங்கள் புதுப்பட்டினத்தை ஒட்டிய குடியிருப்பில் இருந்தோம். அணு ஆராய்ச்சி வேலைக்காகத் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்களை வரிசையாக அடுக்கி வைத்த இடம் அது. எதிர்வீடு நாகர்கோவில், பக்கத்து வீடு வேலூர், நான் கோவில்பட்டி. வந்த புதிதில் எனக்கு அங்கே ஒட்டவே இல்லை. கடல்காற்றில் அப்பளம் பொரித்த அரை மணியில் நமுத்துப் போகும். மீன் வாங்கப் புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனால் அவர்கள் பேசுகிற வேகத்தில் விலை எது, வசவு எது என்று பிரித்துக்கொள்வதற்கே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அந்த ஆறு மாதத்தில் நான் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடாததற்கு ஒரே காரணம் மாடியக்கா. எங்கள் தலைக்கு மேலே, மாடிவீட்டில் இருந்தாள். கும்பகோணத்துப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முதல் நாளே படியிறங்கி வந்து, "உன் வீட்டுக் குக்கர் விசில் எனக்கு எண்ணத் தெரியும், என் வீட்டுக் கிரைண்டர் சத்தம் உனக்குக் கேக்கும். அப்புறம் என்ன அந்நியம்?" என்று கேட்டவள். கிரைண்டர் அவளுடையது, உளுந்து பாதி என்னுடையது. ஒரே மாவில் இரண்டு வீட்டிலும் இட்லி வெந்தது. என் அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்காரர்கள் இருவரையும் சேர்த்து வைத்தது பறவைகள். என் வீட்டுக்காரரிடம் ஸ்கூட்டர் இருந்தது. மாடிக்காரரிடம், வெளிநாட்டு மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த, மூன்று காலில் நிற்கிற டெலஸ்கோப் இருந்தது. இருவரும் பாதிப் பாதிப் பணம் போட்டு ஒரு பறவைப் புத்தகம் வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஸ்கூட்டரில் ஒருவர் ஓட்ட, ஒருவர் டெலஸ்கோப்பைப் பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொள்ள, செங்கல்பட்டு ரோட்டில் இருக்கிற ஏரிகளுக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்து நாலு நாலு தோசையை உள்ளே தள்ளிக்கொண்டே எந்தக் கொக்கு எந்தக் காலில் நின்றது என்று பேசுவார்கள். நானும் அக்காவும் தலையில் அடித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எங்களுக்கு அது நிம்மதிதான். மற்ற வீட்டு ஆம்பிளைகள் சீட்டாடப் போகும்போது நம் ஆட்கள் வாத்து பார்க்கத்தானே போகிறார்கள் என்று இருந்தோம்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதை நடத்துகிறவர்கள் சென்னையிலிருந்து சொல்லிவிடுவார்கள், இன்ன ஏரி இன்ன ஜோடிக்கு என்று. ஜோடியில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். அதில் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் பறவையின் பெயரைப் போடலாம். ஒத்துவரவில்லை என்றால் கணக்குத் தாளின் கடைசிக் கட்டத்தில் 'இனம் தெரியாத வாத்து' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். கேட்பதற்கு நியாயமான சட்டம்தான். ஆனால் பறவை பார்க்கிற ஆம்பிளையிடம் போய் 'தெரியாது' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அவர்களுடைய நிறம்.

அந்த வருஷம் திருக்கழுக்குன்றம் தாண்டிய ஒரு ஏரியில், கூட்டத்தில் சேராமல் ஓரமாக ஒரு பெட்டை வாத்து நின்றது. என் வீட்டுக்காரர் அதைக் கிளுவை என்றார். மாடிக்காரர் நீலச்சிறகி என்றார்.

இங்கே கொஞ்சம் வாத்துப் பாடம் நடத்தாமல் கதை நகராது. கிளுவையும் நீலச்சிறகியும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி. இரண்டும் சின்ன வாத்து, இரண்டும் வடக்கேயிருந்து வருவது. ஆண்களைப் பிரிப்பதில் கஷ்டமே இல்லை. கிளுவை ஆணுக்குச் செங்கல் நிறத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேலே பிடரி வரைக்கும் விபூதி இழுத்ததுபோல வெள்ளைக் கோடு. தூரத்தில் வரும்போதே பெயரைச் சொல்லிவிடலாம். பெட்டைகள்தான் வம்பு. இரண்டும் ஒரே பழுப்பு, ஒரே புள்ளி, ஒரே அடக்கம். போதாததற்கு நீலச்சிறகி ஆண்களே குளிர்காலத்தில் பாதி நாள் பெட்டை வேஷத்தில்தான் திரியும்.

உற்றுப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. நீலச்சிறகிப் பெட்டைக்கு முகத்தில் கோடு கோடாக இருக்கும், அலகு தொடங்குகிற இடத்தில் வெளிர் பொட்டு ஒன்று இருக்கும். கிளுவைப் பெட்டை முகம் சாதுவாக, கோடு கம்மியாக இருக்கும். ஆனால் வால் பக்கத்தில் ஒரு வெளிர் கீற்று தெரியும். பறந்தால் இன்னும் சுலபம். கிளுவைச் சிறகில் பளிச்சென்று பச்சை, அதற்கு முன்னால் அகலமாக வெள்ளை. நீலச்சிறகிக்குப் பச்சை மங்கல், முன்னும் பின்னும் ஒரே அளவில் இரண்டு வெள்ளைக் கோடு. இத்தனையும் புத்தகத்தில். ஏரியில் வெயில் கண்ணைக் கூசும், காற்றில் டெலஸ்கோப் ஆடும், அந்த மகராசி அலகைச் சேற்றுக்குள் விட்டுக்கொண்டு முதுகைக் காட்டும்.

நீலச்சிறகி எங்கள் பக்கத்து ஏரிகளில் கூட்டம் கூட்டமாக இறங்குகிற சாதாரண வாத்து. கிளுவை அபூர்வம். அந்த ஏரியில் அதுவரை இவர்கள் இருவரும் கிளுவையைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் என் வீட்டுக்காரருக்கு அது கிளுவையாக இருக்க வேண்டியிருந்தது. மாடிக்காரர் கறார் பேர்வழி, சாட்சி இல்லாமல் சொந்த நிழலைக்கூட நம்பமாட்டார். அவர் பாட்டுக்கு டெலஸ்கோப்பில் வைத்த கண்ணை எடுக்காமலே, "ஆசைப்பட்டுப் பார்த்தா காக்காகூட மயிலாத்தான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். இவர் சும்மா இருப்பாரா. மொதல்ல கண்ணாடியை மாத்துங்க சார், அப்புறம் வாத்தைப் பார்க்கலாம் என்றிருக்கிறார். பேச்சு தடித்து, இனம் தெரியாத கட்டத்தில் போடவும் இருவருக்கும் மனசு வராமல், அந்த ஒற்றை வாத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் திரும்பிவிட்டார்கள். ஸ்கூட்டரில் ஒன்றாகப் போனவர்களில் ஒருவர் பஸ்ஸில் வந்தார்.

முதல் வாரம் நானும் அக்காவும் சிரித்தோம். அவள் மாவுப் பாத்திரத்தோடு இறங்கி வந்து, "கிளுவை ஆபீஸ் போயாச்சா?" என்று கேட்பாள். நான் சாயந்திரம் மாடிப்படியில் நின்று, "நீலச்சிறகி இன்னும் கூட்டுக்குத் திரும்பலையா?" என்று குரல் கொடுப்பேன். எங்களுக்குள் அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

ஆனால் மாதம் போகப் போக அது வேடிக்கையாக இல்லை. ஸ்கூட்டர் ஒரு வீட்டில், டெலஸ்கோப் ஒரு வீட்டில். என் வீட்டுக்காரர் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக ஏரிக்குப் போய், தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாமல், எரிச்சலோடு திரும்புவார். மாடிக்காரர் டெலஸ்கோப்பைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். ஒருநாள் கண்டக்டர், "இன்னா சார் இது, மோட்டார் பைப்பா? லக்கேஜ் போட்டுக்கினு வா" என்று டிக்கெட் கிழித்துவிட்டாராம். பொதுவான புத்தகம் மட்டும் என் கையிலும் அக்கா கையிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டால் கௌரவம் போய்விடும் என்பதால், இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, மாடியில் புத்தகம் சும்மாதானே கிடக்கும் என்பார். நான் போய் வாங்கி வருவேன்.

அந்த வருஷக் கடைசியில் மாடிக்காரருக்கு மாற்றல் வந்தது. ராஜஸ்தான் பக்கம். பிள்ளைகளின் பரீட்சை முடிந்து மார்ச்சில் கிளம்ப வேண்டும்.

அக்கா சொன்னபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். குடியிருப்பில் மாற்றல் புதிதில்லை. லாரி வரும், சாமான் ஏறும், கண்ணீர் விடுவோம், புது ஆள் வந்து ஜன்னலுக்குப் புதுத் திரை போடுவார்கள். போனவர்களில் யாருடன் தொடர்பு நிற்கிறது, யாருடன் அறுகிறது என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆம்பிளைகளுக்குள் சுமுகம் இருந்தால் லீவுக்கு வந்து தங்குவார்கள், கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் பொம்பளைகளின் சிநேகம் இரண்டு பொங்கல் வாழ்த்தோடு சரி. இந்த வாத்துச் சண்டையோடு அவர்கள் லாரி ஏறினால் எனக்கு மாடியக்கா இல்லை. அவ்வளவுதான் என் பயம். அதை அவளிடமே சொன்னேன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாத்து என்னதான்னு நாமளே பாத்துட்டு வந்துடுவோம்டி" என்றாள். குளிர்காலம்தோறும் அதே ஏரிக்கு அதே வாத்து வரும் என்று புத்தகத்தில் எங்கோ படித்திருந்தாள். படித்ததை அப்படியே நம்புவது அவள் சுபாவம்.

ஒரு வாரம் பாடம் படித்தோம். மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் புத்தகத்தை விரித்து, இரண்டு பெட்டை வாத்துகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற படத்தைப் பார்ப்போம். அக்கா ஒரு கையால் பெயரை மறைத்துக்கொண்டு என்னிடம் கேட்பாள். நான் அவளிடம் கேட்பேன். கடைசியில் படத்தில் ஒரு தப்புகூட வராத அளவுக்குத் தேறிவிட்டோம். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் வீட்டுக்காரர்கள் வேலையிலும் இருந்த ஒரு காலையில், பைனாகுலரைக் காய்கறிப் பைக்குள் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினோம்.

ஏரிக்கரை டீக்கடைக்கார அம்மாவுக்கு சேலை கட்டிய இரண்டு பெண்கள் தண்ணீரையே வெறித்துக்கொண்டு நிற்பது பொறுக்கவில்லை. இன்னா தொலைச்சீங்க என்று விசாரித்தாள். வாத்து பார்க்க வந்ததாகச் சொன்னோம். "வாத்தா? அது டெய்லி வந்துகினு தான கீது. இதுக்கா பஸ்ஸு ஏறி வந்தீங்கோ?" என்று கேட்டுவிட்டு, பேஜாரு புடிச்ச கேஸுங்க என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

எங்களுக்காகவே காத்திருந்ததுபோல, கோரைப்புல் ஓரத்தில் ஒற்றைப் பெட்டை வாத்து ஒன்று இருந்தது. அக்கா முதலில் பார்த்தாள். பிறகு நான் பார்த்தேன். மறுபடி அவள் பார்த்தாள்.

"முகத்துல கோடு தெரியுது பார். நீலச்சிறகி" என்றாள்.

எனக்குக் கோடு தெரியவில்லை. தண்ணீரின் நிழல்தான் முகத்தில் ஆடியது. வால் பக்கத்தில் வெளிர் கீற்று இருந்ததை நான் சத்தியமாகப் பார்த்தேன். கிளுவைதான் என்றேன். பைனாகுலர் எங்கள் இருவர் கழுத்துக்கும் மாறி மாறிப் போயிற்று. அவள் கோடு என்றாள், நான் கீற்று என்றேன். புல் அசைந்தது, வாத்து அதற்குள் புகுந்துகொண்டது, நாங்கள் விடவில்லை.

"வீட்டுக்காரர் சொன்னாருங்கறதுக்காகப் பேசாதே" என்றாள் அக்கா.

"நீங்க மட்டும் யாருக்காகப் பேசுறீங்களாம்?" என்றேன்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். ஒரு சீட்டுக்கு ஒரு ஜன்னல்தான் உண்டு. அது அவளுடையது என்பதால் நான் எதிர் வரிசை ஆளின் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் காலையில் மாவு இறங்கி வரவில்லை. அன்றைக்கு உப்புமா. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த உப்புமாவைக் கிண்டும்போது எனக்கு அழுகை வந்தது. எதைக் காப்பாற்றப் போனேனோ அதையே உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரம்.

பத்து மணிக்குக் கிரைண்டர் சத்தம் கேட்டது. பதினொரு மணிக்கு அக்கா பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். உள்ளே வந்து மேடையில் வைத்துவிட்டு, "நம்ம ரெண்டு பேருக்கே இப்படிக் கோவம் வருதுன்னா, அவங்களை ஒண்ணும் சொல்லிப் பிரயோஜனம் இல்லடி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இருந்தும் அந்த வாத்து என்ன என்பதில் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அந்தப் பேச்சை மட்டும் எடுக்காமல் காபி குடித்தோம்.

காபி குடித்துக்கொண்டே யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. என் வீட்டுக்காரர் என்மேல் எரிந்து விழுவார், அக்காமேல் விழமாட்டார். அவள் வைக்கிற வத்தக்குழம்புக்கு அவர் அடிமை. மாடிக்காரரும் அப்படித்தான். அக்கா குறுக்கே பேசினால் முறைப்பார், நான் கேட்டால், சொல்லும்மா என்பார். அடுத்த வீட்டுப் பெண்ணிடம் மரியாதை தவறாத ஆட்கள் இருவரும். கணக்கெடுப்புக்குப் பார்க்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். எழுதுகிற வேலையை நாங்கள் வீடு மாற்றி எடுத்துக்கொண்டால் என்ன?

அன்று சாயந்திரமே அக்கா என் வீட்டுக்காரரிடம், போகிற வருஷமாயிற்றே தம்பி, இந்த ஒரு தடவை உங்களுக்கு நான் எழுதுகிறேனே என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாடியில் போய் நான் கேட்டபோது மாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, வாயேம்மா என்றார். சென்னைக்காரர்களும் வழக்கம்போல அதே ஏரியை அதே ஜோடிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் ராமாயணம் எதுவும் தெரியாது.

கணக்கெடுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை, தாங்கள் போகிற பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று சொல்லி, அக்கா டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் மடியில் வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். நான் கர்ப்பமாக இருந்தபோதுகூட இவ்வளவு பதமாக ஓட்டியதில்லை.

ஏரியைப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கிழக்குப் பாதி இவருக்கும் அக்காவுக்கும். மேற்குப் பாதி எனக்கும் மாடிக்காரருக்கும். கரையில் கூப்பிடு தூரம். மாடிக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும், உறுதியா அண்ணே என்று கேட்டேன். கட்டின மனைவி கேட்டிருந்தால் கடித்திருப்பார். என்னிடம் பொறுமையாக, இது ஏன் ஊசிவால் வாத்து, அது ஏன் தட்டைவாயன் வாத்து என்று விளக்கினார். அப்படி விளக்கும்போது சிலதில் அவருக்கே சந்தேகம் வந்து, இரு இரு என்று மறுபடி பார்த்தார்.

இரண்டு பாதியும் சேருகிற இடத்தில், சின்ன மண்திட்டில், ஒற்றைப் பெட்டை வாத்து ஒன்று தலையை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மாடிக்காரர் டெலஸ்கோப்பைத் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று அடித்தது, என் காகிதம் படபடத்தது. கிழக்குப் பக்கத்தில் இவரும் பைனாகுலரை இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நீலச்சிறகின்னு போட்டுடவா அண்ணே?" என்றேன்.

முகம் உள்ளே இருக்கிறது, வால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தனக்குத்தானே முனகிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, கிழக்குப் பக்கத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியலைம்மா. தெரியாததுல போடு."

அவர் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அக்காவும் கேட்டதில்லை என்று பிற்பாடு சொன்னாள். நான் எழுதவில்லை, பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் கரையோடு நடந்து வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி மாடிக்காரரிடம், "ஒரு நிமிஷம் பாக்கலாமா சார்?" என்றார். ஒரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

மாடிக்காரர் நகர்ந்துகொண்டார். அவர் நெட்டை, இவர் குட்டை. கேட்காமலே குனிந்து டெலஸ்கோப்பின் காலைத் தளர்த்தி இவர் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். இவர் கண்ணை வைத்தார். கடவுளே, கிளுவை என்று மட்டும் சொல்லிவிடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"முதுகுதான் தெரியுது" என்றார்.

மாடிக்காரரும் முதுகுதான் என்று ஒத்துக்கொண்டார். போன வருஷமும் அது பாதி நேரம் முதுகைத்தான் காட்டியது என்று இவர் சொல்ல, அதைத்தானே நான் அன்றைக்கே சொல்ல வந்தேன் என்று அவர் சொல்ல, நீங்கள் எங்கே அதைச் சொன்னீர்கள், காக்கா என்றல்லவா சொன்னீர்கள் என்று இவர் கேட்க, மயில் என்றுதானே முடித்தேன் என்றார் அவர். இருவரும் கரையில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில்தான் வாத்து எழுந்து பறந்தது. ஒரு வருஷமாக அடித்துக்கொண்ட இரண்டு நிபுணர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அதன் சிறகைப் பார்க்கவில்லை.

நாங்கள் பார்த்தோம். நான் கிளுவை என்று கத்தினேன். அதே மூச்சில் அக்கா நீலச்சிறகி என்று கத்தினாள். பளிச்சென்று பச்சையைப் பார்த்தேன் என்றேன் நான். இரண்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன் என்றாள் அவள். இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து, இந்தத் தடவை ஆம்பிளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாடிக்காரர் என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, அவரே எழுதினார்: இனம் தெரியாத வாத்து, ஒன்று. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அப்புறம் டீக்கடையில் நாலு டீ சொன்னோம். அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டு, இப்ப ஆம்பளையையும் இட்டுகினு வந்துட்டாளுங்க என்றாள்.

மார்ச்சில் லாரி வந்தது. புத்தகத்தை யார் வைத்துக்கொள்வது என்று அது ஒரு தனிச் சண்டை. நீங்கள் எடுத்துப் போங்கள் என்று இவரும், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் மாடிப்படியில் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அது எங்களிடம் தங்கிவிட்டது. அக்கா கிரைண்டரை ஏற்றும்போது மட்டும் அழுதாள். நான் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன்.

மாடிவீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் நல்லவர்கள்தான். அவர்கள் கடையில் மாவு வாங்கினார்கள். தலைக்கு மேலே கிரைண்டர் சத்தம் இல்லாத காலை எனக்குப் பழகவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. எஸ்.டி.டி. கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அக்கா அவசரமே படவில்லை. பிள்ளைகள், குளிர், ரொட்டி தின்று தின்று நாக்கு செத்துப்போனது, எல்லாம் சொன்னாள். வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறதாம். பிறகு, "அந்தப் புஸ்தகத்தை எடு. பெட்டைக் கிளுவை எப்படி இருக்கும்னு படி" என்றாள். நான் எடுத்து வந்து வரிவரியாகப் படித்தேன். முகம், வால், சிறகு எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள்.

"இங்க பூராவும் கிளுவைதான்டி. குளிர்காலத்துல நீலச்சிறகியே கிடையாதாம்."

அப்படியென்றால் குழப்பமே இல்லையே, நல்லதுதானே என்றேன்.

"என்ன நல்லது போ. இவரும் கூட வர்றவங்களும் நான் என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டிட்டுப் போயிடறாங்க. மறுத்துப் பேச ஒரு ஆள் இல்லை."

புத்தகம் என் மடியில் விரிந்து கிடந்தது. இரண்டு பெட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

"இல்லக்கா" என்றேன். "நீங்க சரியாப் பாக்கலை. அது நீலச்சிறகிதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"உனக்கு ஒரு எழவும் தெரியாதுடி" என்றாள். "அடுத்த வாரம் இதே நேரத்துக்குப் பண்றேன். புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கோ."